முட்டை அட்டையில் பதினான்கு நாள்

போன வாரம் இரும்புலியூர் ஷெட்டுக்குச் சும்மா எட்டிப் பார்க்க வந்திருந்தேன். உங்களில் ஒருவர், பேர் சொல்ல மாட்டேன், பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த செல்லின் உடம்பிலேயே மார்க்கர் பேனாவால் 4.18 என்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். வேலையிலிருந்து நின்றவள் வந்து அதட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். டீ நேரத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

செல்லின் மேல் எழுதக் கூடாது என்பது நம் ஷெட்டின் சட்டம். முழுச் சார்ஜ் ஏற்றிய செல்லை அளந்து, வோல்டேஜைத் துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டைக் கவிழ்த்து முட்டை அட்டையின் குழியில் போட்டு, அதன் மேல் செல்லை நிறுத்த வேண்டும். பதினான்கு நாள் யாரும் தொடக் கூடாது; இதைத்தான் படுக்கப் போடுவது என்போம். பதினைந்தாம் நாள் வேறொருவர் வந்து அளந்து, வாய் திறந்து சொன்ன பிறகுதான் சீட்டைத் திருப்பலாம். நல்ல செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய அப்படியே இருக்கும், அதைத்தான் வண்டிப் பேட்டரியில் சேர்ப்போம். உள்ளே கசிவு உள்ள செல் சும்மா இருக்கும்போதே இறங்கிவிடும். 4.10க்குக் கீழே இறங்கினால் கழிவுப் பெட்டிக்குப் போக வேண்டியதுதான். உங்களுக்கு இதெல்லாம் ஏதோ சடங்கு மாதிரித் தெரியலாம். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் தெரிந்தது.

நான் ஷெட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. அதற்கு முன்னால் இருபது வருஷம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியை மூடினார்கள், இங்கே வந்தேன். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் என்னைவிட இருபத்திரண்டு வயது சின்னவள். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். டிப்ளமா படித்தவள். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று இப்போதும் போன் செய்து மிரட்டுகிறாள், அதனால் எழுதவில்லை. முதல் நாள் கிண்டலுக்காக "சரிங்க மேடம்" என்றேன். அந்த மேடம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் என்னை அக்கா என்பாள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. உங்களுக்கு ஏசி இருக்கிறது. எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் இரண்டு டேபிள் ஃபேனும். எலெக்ட்ரிக் ட்ரெயின் போகும்போதெல்லாம் அட்டைகளில் நின்ற செல்கள் லேசாக ஆடும். நானும் மேடமும் பேச்சை நிறுத்தி அவற்றையே பார்த்துக்கொண்டிருப்போம். முட்டைக் கடைக்காரரிடம் வாரா வாரம் காலி அட்டை கேட்டுப் போவேன். "இன்னாம்மா, ஆம்லெட் கடையா வச்சிகீற? முட்டை வாங்கவே மாட்டேன்ற, அட்டை மட்டும் எடுத்துகினு போற" என்பார். கடைசிவரை அவருக்கு விளங்கவில்லை. நானும் விளக்க முயன்று தோற்றுப் போனேன்.

நான் சேர்ந்த புதிதில் சீட்டைக் கவிழ்த்து வைக்கும் வழக்கம் கிடையாது. உங்கள் ஆள் மாதிரியே செல்லின் மேல்தான் எழுதுவோம். ஒருநாள் மேடம் இருபது செல்களை என் முன்னால் வைத்து அளக்கச் சொன்னாள். ஒவ்வொன்றின் மேலும் பழைய அளவு எழுதியிருந்தது. கடகடவென்று அளந்து சொன்னேன். எல்லாம் சரி, ஏறக்குறைய எழுதியிருந்ததேதான். பிறகு அவள் அதே செல்களை அளந்து காட்டினாள். அவற்றில் நாலில் அவள் வேண்டுமென்றே சற்றே தப்பான எண்ணை எழுதியிருந்தாள். மீட்டரில் கடைசி எண் ஆடும்போது, எழுதியிருந்த எண்ணுக்குப் பக்கத்தில் எது வந்ததோ அதையே நான் பொறுக்கிச் சொல்லியிருந்தேன்.

"கண்ணு மீட்டரைப் பாக்குது, வாய் பேப்பரைப் படிக்குது" என்று சிரித்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா என்று சண்டைக்குப் போனேன். "இல்லக்கா, எல்லாருக்கும் இப்படித்தான். எனக்கும் இப்படித்தான்" என்றாள். அன்றிலிருந்துதான் சீட்டைக் கவிழ்க்கும் வழக்கம் வந்தது. இதோடு நான் திருந்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை.

கலா என்றொரு பெண் ஊரப்பாக்கத்திலிருந்து வந்தாள். முப்பது வயது இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி, கையில் ஊன்றுகோல். பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தாள். அதன் பேட்டரி செத்துப் போயிருந்தது. அஸ்தினாபுரத்தில் ஒரு கண் டாக்டரின் க்ளினிக்கில் டோக்கன் போடும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். "ரெண்டு வருசமா தேடிக் கெடச்ச வேலைக்கா. மொத நாளே லேட்டா போய் நின்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க" என்றாள். சனிக்கிழமை காலையில் பேட்டரி கையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தவள் நான்தான்.

பத்துப் பத்துச் செல்லாகப் பதின்மூன்று வரிசை. மொத்தம் நூற்று முப்பது. எல்லாம் ஒரே ரகமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒத்துப் போகாது. ஏற்கெனவே படுக்கப் போட்டிருந்த அட்டைகளுக்கு அந்த வியாழக்கிழமைதான் பதினைந்தாம் நாள். மேடத்துக்குக் காய்ச்சல், லீவு. வேறொருவர் அளக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஷெட்டில் அளக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானே அளந்தேன். நூற்று இருபத்தொன்பது தேறின. நூற்று முப்பதாவது 4.06 காட்டியது.

ஒன்றே ஒன்று குறை. ஒரு வரிசையில் மட்டும் ஒன்பது செல் இருந்தால், அந்த வரிசை மற்றப் பன்னிரண்டுக்கும் முன்னால் களைத்துவிடும். வண்டி பாதி வழியில் நின்றுவிடும். அதே ரகத்தில் ஷெட்டில் மீதமிருந்தவை இரண்டே செல்கள், அவை இன்னும் படுக்கவே போடாதவை. அந்த 4.06 செல்லோ, எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்று பார்த்த சோதனையில் எல்லாவற்றையும்விட நன்றாகத் தேறியிருந்தது. பாவம், ஏதோ அன்றைக்கு அளந்ததில் பிசகு என்று நினைத்துக்கொண்டேன். சார்ஜரில் போட்டேன். சமர்த்தாக ஏறியது. எடுத்து ஒரு மணி நேரம் கழித்து அளந்தேன். 4.19. அதையே எழுதி ஏழாவது வரிசையில் கடைசியாக வைத்தேன்.

இதைக் கவனியுங்கள். மீட்டர் காட்டியதைத்தான் எழுதினேன். பொய்யான எண் எதையும் எழுதவில்லை. ஆனால் அந்தச் செல் பதினான்கு நாள் படுத்திருந்து சொன்ன சேதியை நான் ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டேன். நம் வேலையில் இருப்பவர்களால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. வெளியாள் யாருக்கும் இந்தத் தப்பைச் செய்யக்கூடத் தெரியாது.

சனிக்கிழமை காலையில் பேட்டரியை வண்டியில் பொருத்திக் கொடுத்தோம். கலா ஹாரன் அடித்துக்கொண்டே போனாள். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "அக்கா, வண்டி சூப்பரா ஓடுது. வெளிய நிறுத்தினா எவனாவது லவட்டிகினு பூடுவான்னு வூட்டுக்குள்ளயே வச்சிகினேன். ஒரே ரூம்தானே, அம்மா கட்டில் பக்கத்துலயே சார்ஜ் போட்டுகீது. அம்மா தூங்குது, நான் பாத்துகினே கீறேன். தேங்க்ஸ்கா."

தட்டைத் தள்ளி வைத்தேன். கசியும் செல் தன்னோடு சேர்ந்த ஒன்பதையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சார்ஜ் போடும்போது சூடாகும். எப்போது, எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றுமே ஆகாமல் ஒரு வருஷம் ஓடவும் ஓடலாம். அதுதான் என்னை வாட்டியது. நிச்சயமாக ஆபத்து என்று தெரிந்தால் ஓடியிருப்பேன். தெரியாததால், யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று கால் மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, யோசித்தேன்.

முதல் வேலையாகக் கலாவுக்குப் போன் செய்து, "சார்ஜரைப் பிடுங்கு, வண்டியை வெளியே தள்ளு, வந்து சொல்கிறேன்" என்றேன். பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். மேடம் அன்று வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஓனரும் இருந்தார்.

ஓனர் நல்ல மனிதர்தான். ஆனால் தலையைச் சொறிந்தார். "நூத்தி முப்பதுல ஒண்ணும்மா. பேட்டரிக்குள்ள சார்ஜைப் பாத்துக்கற போர்டு இருக்குல்ல, ஏதாச்சும்னா அதுவே கட் பண்ணிடும். அந்தப் பொண்ணு வேலையில சேரட்டும். அடுத்த மாசம் சர்வீஸ்னு கூப்பிட்டு மாத்திடலாம்."

எனக்கும் அது இனிப்பாகத்தான் கேட்டது. மேடம் ஓனரைப் பார்த்து, "போர்டு வரிசையைத்தான் சார் பாக்கும். வரிசைக்குள்ள ஒரு செல் என்ன பண்ணுதுன்னு அதுக்குத் தெரியாது" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எந்த வரிசைன்னு ஞாபகம் இருக்காக்கா?"

"ஏழாவது."

"பத்துல எது?"

தெரியவில்லை. எல்லாம் ஒரே மாதிரி ஊதா நிற உறை. வெல்டிங்குக்கு முன்னால் இடம் மாறியிருக்கலாம்.

"சரி, கிளம்புங்க" என்று சாவியை எடுத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. அன்றைக்கு அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஊரப்பாக்கத்தில் கலா வாசலிலேயே வண்டியோடு நின்றிருந்தாள். நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"இன்னாக்கா வெளையாடுறியா? திங்கக்கெழம ஒம்போது மணிக்கு நான் அங்க இருக்கணும். பறந்துகினா போவேன்? பஸ்ல ஏற முடியாமத்தானே இந்த வண்டி வாங்கினேன்! ஒரு செல்லுதானே, நான் பாத்துக்கறேன், வுடு!"

"விட முடியாது கலா. அதைப் பார்த்துக்கறது உன்னால ஆகாது. என்னாலயே ஆகலை."

"எத்தினி நாளு?"

"பதினாலு நாள்" என்று மேடம் சொன்னாள். "குறைக்க முடியாது."

"சொல்லாமயே இருந்திருக்கலாம்ல?" என்று கலா என்னைப் பார்த்துக் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. உள்ளேயிருந்து அவள் அம்மா, "எடுத்துகினு போவட்டும் வுடும்மா. வந்து சொல்லுதே, அது போதும்" என்றார். எனக்கு அந்த வாசலில் நிற்கவே கூசியது. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது: "திங்கக்கிழமை நான் வந்து கூட்டிட்டுப் போறேன். வண்டி சரியாகற வரைக்கும் தினமும் வர்றேன்."

அதுபோலவே போனேன். காலையில் பெருங்களத்தூரில் ரயில் ஏறி ஊரப்பாக்கம் போய், கலாவோடு எட்டேகால் வண்டியில் திரும்ப ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் அஸ்தினாபுரம். சாயங்காலம் அதே பாதை எதிர்ப்பக்கமாக. முதல் நாள் ரயிலில் ஏறும்போது அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, "தூக்காத. தோளைக் குடு, போதும்" என்றாள். அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசியது ஏறக்குறைய அவ்வளவுதான். நானும் தோளைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவேன். க்ளினிக் வாசலில் மணி பார்ப்பேன். ஒருநாள்கூட ஒன்பதைத் தாண்டவில்லை.

இரண்டாவது வாரத்தில் அவளாகவே பேச ஆரம்பித்தாள். டோக்கன் வரிசையில் முந்தப் பார்க்கும் பெரிய மனிதர்களை நடித்துக் காட்டுவாள். பெட்டியே சிரிக்கும். என் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பாள். சீட்டை ஏன் கவிழ்க்கிறோம், 4.10 என்றால் என்ன, ஏழாவது வரிசையின் பத்துச் செல்லும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கின்றன. "படுத்துத் தூங்கிட்டிருக்கு" என்பேன். "குடுத்து வச்சதுங்க" என்பாள். அந்த ரயில் பயணங்களை நான் இப்போது ரொம்பவும் தேடுகிறேன். இருபது வருஷம் தைத்த காலர்களில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை. அந்த எட்டேகால் வண்டி அப்படியே ஞாபகம் இருக்கிறது.

வண்டி என்ன ஆயிற்றோ என்று நீங்கள் பதற வேண்டாம். அது பிறகு சரியாகி, இன்றும் ஊரப்பாக்கத்துக்கும் அஸ்தினாபுரத்துக்கும் போய் வந்துகொண்டிருக்கிறது. நான் சொல்ல வந்தது பதினைந்தாம் நாளைப் பற்றி.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் சர்ச்சிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்தேன். கலாவும் வந்திருந்தாள். முட்டை அட்டையில் பன்னிரண்டு செல்கள் நின்றன. ஏழாவது வரிசையிலிருந்து பிரித்தெடுத்த பத்து, அதே ரகத்தில் மீதமிருந்த இரண்டு. பத்து தேறினால் அன்றே பொருத்திவிடலாம். ஒன்று குறைந்தாலும், வேறு பழைய பேட்டரிகள் வந்து, பிரித்து, இன்னொரு பதினான்கு நாள்.

மீட்டரை எடுக்கப் போனேன். மேடம் என் கையிலிருந்து வாங்கிக் கலாவிடம் கொடுத்தாள். "இவங்க அளக்கட்டும்."

"இவளா? இவளுக்குத்தானே இதெல்லாம் நல்லா இருந்தாகணும்?" என்று நான் மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன்.

"உங்களுக்கும்தான் நல்லா இருந்தாகணும்னு இருந்துச்சு" என்றாள் மேடம். சுள்ளென்று சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கலா ஸ்டூலில் உட்கார்ந்து, ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு, சிவப்பையும் கறுப்பையும் சரியாகப் பிடித்தாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 4.16. 4.17. 4.15. முதல் ஐந்தும் நல்லவை. ஆறாவதை அளந்தவள் கொஞ்சம் நிதானித்து, "மூணு புள்ளி எட்டு ஏழு" என்றாள். அதன் உடம்பில் எந்த அடையாளமும் இல்லை, இருந்தாலும் அது எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் 4.19 என்று எழுதி, கலா அம்மாவின் கட்டில் பக்கத்துக்கு அனுப்பியது அதைத்தான். 3.87 என்று எழுதினேன்.

ஏழும் எட்டும் தேறின. ஒன்பதாவது 4.05. அதுவும் போயிற்று. இனி மிச்சம் மூன்றும் தேறியாக வேண்டும். பத்தாவது 4.14. பதினொன்றாவது 4.15.

பன்னிரண்டாவதில் எண் ஆடியது. எதிர்ப்பக்கம் நின்ற எனக்கே தெரிந்தது. 4.10, 4.09, 4.10, 4.09. அவள் முனைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தாள். ஒரு ட்ரெயின் போயிற்று. அது போய் முடியும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தாள். இன்னும் ஆடியது.

"நாலு புள்ளி பூஜ்யம் ஒம்போது."

நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறேன், அடக்கவில்லை. "பத்துன்னும் காட்டுச்சே கலா."

"ஒம்போதுன்னும் காட்டுச்சுல்ல?"

எனக்கு இருந்ததெல்லாம் காப்பாற்ற வேண்டிய ஒரு வாக்கு, அதற்கே வளைந்துவிட்டேன். அவளுக்கு அது இன்னும் இரண்டு வாரம் காலிப்பரோடு ரயில் ஏறி இறங்குவது. எழுத வேண்டியதை எழுதினேன். சீட்டைத் திருப்பிப் பார்க்க மேடம்கூடக் கையை நீட்டவில்லை.

கலா அந்தச் செல்லை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டாள். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, எழுந்திருக்க என் தோளுக்காகக் கையை நீட்டினாள்.

"அப்போ நாளைக்கும் எட்டேகால் வண்டிதானேக்கா?"